வண்டிக்கு முன்னால் வந்த நிழல்

போரின் மூன்றாம் கோடையில், ஆகஸ்ட் பதினான்காம் தேதி புதன்கிழமை காலை, எங்கள் எல்லையோர ஊரான வெர்போவா பால்காவில் ரயீசா கிரிலிவ்னாவின் செர்ரி மரங்களுக்குப் பின்னாலுள்ள மேய்ச்சல் நிலத்தில் ஒரு ராணுவ வண்டியின் நிழல் வந்து படுத்தது. வண்டி வரவில்லை. எட்டுச் சக்கரங்களும், வானத்தைப் பார்த்துச் சாய்ந்த நான்கு நீளப் பெட்டிகளும், ஓட்டுநர் அறையின் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெளுப்பும் அந்த நிழலில் தெளிவாகத் தெரிந்தன. முந்தின நாள் செய்தியில் அமெரிக்கா தருவதாகச் சொன்ன வான்காப்பு வண்டிகளில் ஒன்றுதான் இது என்பதை ஊராட்சிச் செயலாளர் யோசிப் மர்த்தினோவிச் செய்தித்தாள் படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தார். அவர் கூட்டுப்பண்ணைக் காலத்தில் நிலம் அளந்தவர். விதைப்புத் திட்டத்தில் பயன்படாத நிலம் எவ்வளவு என்று எழுத வேண்டியிருந்ததால், அன்று காலை ஒன்பது மணிக்கு நாடாவைப் பிடித்து அளந்து, நீளம் பதின்மூன்று மீட்டர் நாற்பது, அகலம் நான்கு மீட்டர் பத்து என்று நோட்டில் குறித்துக்கொண்டார். ஒருமுறை தொடங்கிய வேலையை விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அதன்பின் தினமும் ஒன்பது மணிக்கு அளந்தார். தேதி, நீளம், அகலம், வானிலை என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவதாக ஒரு கட்டம் கோடு போட்டு, 'அமெரிக்கா என்ன சொன்னது' என்று தலைப்பிட்டார். நிழலின் நீளம் அந்தக் கட்டத்தைப் பொறுத்தே கூடிக் குறைகிறது என்று ஒரே வாரத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த நிழல் சூரியனோடு சேர்ந்து திரும்பவில்லை. மழையிலும் கிடந்தது, பிறகு பனியின் மேலும் கிடந்தது. உள்ளே நல்ல குளிர்ச்சி. முதல் இரண்டு நாள் யாரும் கிட்டே போகவில்லை. மூன்றாம் நாள் ரயீசாவின் வாத்துகள் போய்ப் படுத்தன. அதைப் பார்த்துப் பெண்கள் பால்கேன்களைக் கொண்டுபோய் வைத்தார்கள், வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளை இரண்டாவது சக்கரத்தின் நிழலில் வரிசையாக அடுக்கினார்கள். முக்கியமான விஷயம், ஓடைக்கு அப்பாலிருந்து வருகிற எதிரியின் ட்ரோன்கள் அந்த நிழலைக் கண்டதும் குழம்பின. வீட்டு வழி மறந்த மாடு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வெடிக்காமல், புல்லில் மெதுவாக இறங்கி அணைந்தன. கிறிஸ்துமஸுக்குள் ஏழு ட்ரோன்கள் இறங்கின. ராணுவத்தார் வந்து வெடிமருந்தைக் கழற்றிப் போனபின் மிச்சத்தை யோசிப் தன் கொட்டகையில் அடுக்கி வைத்தார். சுற்றுவட்டாரத்தில் பதினோரு ஊர்கள் காலியாகிவிட்டன. எண்பத்தேழு பேரோடு வெர்போவா பால்கா மட்டும் இருந்தது.

இருந்தாக வேண்டிய அவசியம் மற்றவர்களைவிட ரயீசாவுக்கு அதிகம். அவளுடைய ஒரே மகன் நஸார் போரின் முதல் வசந்தத்திலேயே சிறைபிடிக்கப்பட்டான். அவனோடு இருந்து கைதி மாற்றத்தில் திரும்பிய ஒருவன் அவளைத் தேடி வந்து ஒரே ஒரு செய்தி சொன்னான். நஸார் தினமும் காலையில் எழுந்ததும் 9-62-14 என்று மூன்று முறை சொல்லிக்கொள்கிறான் என்றான். அது ரயீசாவின் வீட்டுத் தொலைபேசி எண். செல்போன் எண்ணை அவன் என்றைக்கும் மனப்பாடம் செய்ததில்லை, இந்த எண்ணைத்தான் பள்ளிக்குப் போகும்முன்பே அவள் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். மாவட்டத்தில் மிஞ்சிய ஒரே கம்பித் தொலைபேசி அதுதான். சுவரோடு சுவராக இருந்தது, பிடுங்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே ரயீசாவும் சுவரோடு சுவராக இருந்தாள். கறக்கப் போனாலும் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போவாள்.

நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல் நடந்தது. யார் வந்தால் நிழல் நீளும், யார் வந்தால் சுருங்கும் என்று எங்கள் ஊர்க் கடையில் நடந்த வாக்குவாதத்தில் இரண்டு முக்காலிகள் உடைந்தன. அமெரிக்க மாகாணங்களின் பெயர்களெல்லாம் எங்கள் ஊர்க் கிழவிகளுக்குப் பீட்ரூட் வகைகள் போலப் பழகிவிட்டன. தேன்கூட்டுப் பெட்டி செய்கிற ஸகார் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. அவர் நஸாரின் ஞானத்தந்தை. அந்த உறவில் அவர் ரயீசாவைக் 'கூமா' என்பார், அவள் அவரைக் 'கூமே' என்பாள்.

"நிழலையே தபால்ல அனுப்புற ஆளுங்க கூமா இவங்க. வண்டி வர்றதுக்குள்ள என் பேரன் கல்யாணமே முடிஞ்சிரும்," என்றார்.

"உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே கூமே, பேரன் எங்கிருந்து வந்தான்?"

"அதைத்தான் சொல்றேன்."

ஜனவரியில் அமெரிக்காவின் பெரிய வீட்டில் ஆள் மாறினார். பழையவர் பெட்டிகளோடு ஒரு வாசலால் போக, புதியவர் இன்னொரு வாசலால் வந்ததாகச் சொன்னார்கள். அங்கே அப்போது பகல், எங்களுக்கு இருட்டிவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு யோசிப் அளந்தபோது நீளம் பதினொன்று இருபத்தைந்து. நாடாதான் பனி ஈரத்தில் நீண்டிருக்கும் என்று அடுப்பருகே காட்டிவிட்டு மறுபடி அளந்தார். பதினொன்று இருபத்தைந்துதான். ஒரு பெட்டி குறைந்திருந்தது. அடுத்த வாரத்தில் இரண்டு சக்கரங்கள் போயின. பிப்ரவரியில், அங்கிருக்கும் பெரியவரும் மாஸ்கோவில் இருக்கும் பெரியவரும் போனில் நெடுநேரம் பேசிய நாளில், நிழல் எழுந்து ஓடையைக் கடந்து, காட்டைத் தாண்டி எல்லைப் பக்கம் போய், மத்தியானச் சாப்பாடு வரை அங்கேயே கிடந்துவிட்டுத் திரும்பியது. திரும்பியபோது அதன்மேல் சூரியகாந்தி விதைத் தோல்கள் ஒட்டியிருந்தன. அங்கே யாரோ அதில் உட்கார்ந்து கொறித்திருக்கிறார்கள். அன்று முதல் பெண்கள் ஊறுகாய் ஜாடிகளை இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்தார்கள்.

புதியவர்களுக்கு நன்றி சொன்னால் பிடிக்கும், நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்று வருத்தப்படுகிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. யோசிப் எதையும் சோதித்துப் பார்க்காமல் தள்ளுகிறவர் இல்லை. ஊரைக் கூட்டி, மேற்கே பார்த்து நிற்கவைத்து, ஒன்பது மணிக்குச் சேர்ந்து நன்றி சொல்லவைத்தார். நிழல் நான்கு சென்டிமீட்டர் நீண்டது. மறுநாள் மூன்றுதான் நீண்டது. விசாரித்ததில் ஸகார் நன்றியோடு சேர்த்து வாய்க்குள் வேறு ஏதோ சொல்லியிருந்தது தெரிந்தது.

"என்ன சொன்னீங்க ஸகார்?"

"நன்றின்னுதான் சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அவங்க அம்மாவை விசாரிச்சேன். மரியாதைக்குத்தான்."

மூன்றாம் நாள் முதல் ஸகாரை நன்றி நேரத்தில் கடைக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். ஒன்பது நாள் இப்படிச் சேர்த்த முப்பத்தைந்து சென்டிமீட்டரும் ஒரே பேட்டியில் போயிற்று. மார்ச் மாதம் ஐந்தாம் தேதி, உதவி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது என்று செய்தி வந்த காலை, நிழல் ஒரு மேசைவிரிப்பை உதறி எடுப்பதுபோல் எழுந்து போயிற்று. அது கிடந்த இடத்தில் புல், நிலவறையில் முளைவிட்ட உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தது. அன்று மாலையே ஒரு ட்ரோன் வந்தது. அது குழம்பவில்லை, நேராக வந்து ஸகாரின் கோழிக்கூட்டை அடித்தது. நல்லவேளையாகக் கோழிகள் எல்லாம் ரயீசா வீட்டுத் தோட்டத்தில் திருட்டு மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. வான்காப்பு இல்லாத ஊர்கள் ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும், பேருந்துகள் வரும், ஆளுக்கு ஒரு பெட்டி. ரயீசா உத்தரவைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். யோசிப் அவளுக்கு இன்னொரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தார், அதையும் போட்டாள்.

"ரயீசா கிரிலிவ்னா, கட்டாயம்னு போட்டிருக்குங்க. போலீஸ் வந்து தூக்கிட்டுப் போவாங்க."

"சுவத்தையும் சேர்த்துத் தூக்கச் சொல்லுங்க. போன் அதுலதான் இருக்கு."

"நீங்க போற இடத்துக்கு நம்பரை மாத்தித் தரச்சொல்லி எழுதிப் பார்க்கலாம்."

"அவன் அங்க உட்கார்ந்து சொல்லிக்கிட்டிருக்கிற நம்பரை யாரு போய் மாத்துவா? நீங்க போவீங்களா?"

யோசிப் நோட்டைப் புரட்டினார். அவள் வெளுத்த புல்லைக் காட்டி, உங்கள் நோட்டில் அதன் அளவெல்லாம் இருக்கிறதா என்று கேட்டாள். நீளம், அகலம் மட்டுமில்லை, ஒவ்வொரு சக்கரத்தின் விட்டம், பெட்டிகளின் சாய்வு, ஏணிப்படிகளின் எண்ணிக்கை வரை இருக்கிறது என்றார் யோசிப், சற்றுப் பெருமையாகவே. "அப்ப வண்டியையே நாம செஞ்சிருவோம். அதுக்கு இங்க நிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஏழு மாசம் வெறும் புல்லுல கிடந்துச்சு, பாவம். அதுக்கு ஒரு வண்டி இருந்தா அது ஏன் போகுது?" என்றாள் அவள்.

மரம்தான் சிக்கல். காட்டுக்குப் போக முடியாது, கண்ணிவெடி. ரயீசா தன் வாசல் கதவையும் தொழுவக் கதவையும் கழற்றிக் கொடுத்தாள். அது ஓட்டுநர் அறைக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. அப்போதுதான் ஸகார் எழுந்து போய், தன் வீட்டுப் பரணிலிருந்து ஆறு ஓக் பலகைகளை இறக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் தன் சவப்பெட்டிக்கான பலகையைப் பரணில் காயப்போட்டு வைத்துக்கொள்வது வழக்கம். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஈரப் பலகையில் பெட்டி அடித்துவிடுவார்கள் என்ற பயம். ஸகாருடையது பதினெட்டு வருடம் காய்ந்த பலகை, தட்டினால் மணிபோலக் கேட்கும்.

"இதை எடுத்துட்டா நீ செத்தா என்ன பண்ணுவ கூமே?"

"சாகாம இருக்க வேண்டியதுதான். வேற வழி?"

அவர் கொடுத்ததும் மற்றவர்களால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நான்கே நாளில் ஊரின் அறுபத்து மூன்று சவப்பெட்டிகளுக்கான பலகைகள் ரயீசாவின் மேய்ச்சல் நிலத்தில் குவிந்தன. ஓக், பைன், லிண்டன், ஒருவர் வீட்டிலிருந்து வால்நட் கூட வந்தது. அவர் இவ்வளவு பணக்காரர் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. யோசிப் நோட்டைப் படித்துச் சொல்ல, ஸகார் அறுக்க, மற்றவர்கள் அடிக்க, வண்டி எழுந்தது. கைப்பழக்கத்தில் ஸகார் நான்கு பெட்டிகளுக்கும் தேன்கூட்டுப் பெட்டிக்கு வைப்பதுபோலக் கீழே வாசல் வைத்துவிட்டார். அதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

முடிந்து பார்த்தால் வண்டிக்கு நிழலே விழவில்லை. நல்ல வெயில், அடித்தவர்களின் நிழலெல்லாம் விழுந்தது. மண்ணுக்கடியில் போகவென்று காய்ந்த பலகைகள், நிழல் விழுத்த வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று நாள் அப்படியே நின்றது. ஸகார் தன் ஆறு பலகைகளையும் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ரயீசா பெட்டி கட்டவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிறு காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஓடைப் பக்கமிருந்து நிழல் வந்தது. நனைந்திருந்தது, ஓரங்கள் கிழிந்திருந்தன, எங்கெங்கே அலைந்ததோ தெரியவில்லை. மரவண்டியை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு அதன் அடியில் போய், சக்கரத்துக்குச் சக்கரம் பொருந்தி, படுத்துக்கொண்டது. யோசிப் அளந்தார். பதின்மூன்று நாற்பது. 'அமெரிக்கா என்ன சொன்னது' என்ற கட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினார்.

பத்தாம் தேதி மூன்று பேருந்துகளோடு மாவட்ட அலுவலகத்துப் பெண் வந்தார். அவர் கையிலிருந்த படிவத்தில் வான்காப்பு உண்டா, இல்லையா என்ற ஒரே கேள்விதான் இருந்தது. அவர் மரத்தைத் தட்டிப் பார்த்து, "இது பலகை" என்றார். யோசிப் கீழே கிடந்ததைக் காட்டி, "அது பலகை இல்லைங்க" என்றார். அந்த நேரத்தில் ஒரு ட்ரோன் வந்து இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தப் பெண்ணின் காலடியில் பூனைபோல் இறங்கி அணைந்தது. அவர் 'உண்டு' என்பதில் குறிபோட்டு, கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் காலிப் பேருந்துகளோடு திரும்பிப் போனார்.

அதன்பின் அமெரிக்காவில் பேசினார்கள், பேசாமல் இருந்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி தந்தார்கள், இரண்டு வாரம் கெடு வைத்தார்கள், அந்த இரண்டு வாரம் ஏழு வாரம் ஓடியது. நிழல் அரைச் சென்டிமீட்டர்கூட அசையவில்லை. வண்டியின் நான்கு பெட்டிகளிலும் மே மாதம் தேனீக்கள் குடியேறின. அமெரிக்க உதவியில் நாங்கள் உண்மையில் தின்றது அந்தத் தேனைத்தான், நன்றாகவே இருந்தது. இன்னொன்றையும் எழுத வேண்டும். பலகை கொடுத்த நாளிலிருந்து எங்கள் ஊரில் யாரும் சாகவில்லை. தொண்ணூற்று நான்கு வயது ஒனுஃப்ரிக்குப் பாதிரியார் கடைசி எண்ணெய் பூசி, மெழுகுவத்தியும் கையில் கொடுத்தாகிவிட்டது. பலகை இல்லை என்று யாரோ அவர் காதில் சொன்னதும் கண்ணைத் திறந்தார், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், எழுந்து உட்கார்ந்து செர்ரி வைத்த கொழுக்கட்டை கேட்டார். இன்றுவரை அதே கோபத்தில்தான் இருக்கிறார்.

போரின் ஐந்தாம் கோடையில், ஜூன் மாதம், உண்மையான வண்டி வந்தது. நண்பகலில் ஊர்ச் சாலையில் வந்து நின்றது. எட்டுச் சக்கரம், நான்கு பெட்டி, புத்தம்புதுப் பச்சை, அடியில் வெறும் வெளிச்சம். ஓட்டுநரின் முகம் வெளுத்திருந்தது. கேப்டன் ரொமான்யுக் என்ற இளைஞர் இறங்கி, காகிதக் கட்டோடு ரயீசாவிடம் வந்தார்.

"அத்தே, நிழலைத் தனியா முன்னாடியே அனுப்பிட்டோம்னு பேப்பர்ல போட்டிருக்கு. இங்கதான் இருக்காம்."

"இருக்கு. அதுக்கென்ன?"

"நிழல் இல்லாத வண்டியில ஏற மாட்டோம்னு பசங்க பயப்படுறாங்க. கூட்டிட்டுப் போயிடறேன்."

"ரெண்டு வருசம் நான் பார்த்துக்கிட்டேன், மழையில பார்த்தேன், பனியில பார்த்தேன். நீ இப்ப வந்து கூட்டிட்டுப் போவியா? கூப்பிட்டுப் பாரு, வருதான்னு."

கேப்டன் கூப்பிட்டார். ராணுவக் குரலில் ஒருமுறை, கெஞ்சலாக ஒருமுறை. நிழல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேனீக்கள்தான் என்னவென்று பார்க்க வெளியே வந்தன. கடைசியில் யோசிப் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நிழல் முன்னரே பெறப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது, திருப்பித் தர இயலாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். கேப்டன் ஒரு புட்டி தேன் வாங்கிக்கொண்டு போனார். அந்த வண்டி நிழல் இல்லாததால் மேலிருந்து பார்க்கிற எதிரிக்குத் தெரியவே இல்லையென்றும், ஒரு பெரிய நகரத்தை நன்றாகக் காவல் காக்கிறதென்றும் பிற்பாடு கேள்விப்பட்டோம்.

ஜூலை இருபத்து மூன்றாம் தேதி, காலை பதினொரு மணிக்கு, ரயீசா ஆப்ரிகாட் பழப்பாகு கிளறிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"யாரு பேசறது?"

"நான்தாம்மா."

பாகு கொதிக்கிற சத்தம் அந்த முனைக்கே கேட்டிருக்கும்.

"அம்மா, நஸார். எல்லையத் தாண்டிட்டோம். பஸ்ல இருக்கேன், ஒருத்தர் போன் குடுத்தார்."

"நாலு வருசமா ஒரு போன் பண்ணத் தெரியல உனக்கு. சாப்பிட்டியா?"

"ஆப்பிள் குடுத்தாங்க."

"ஆப்பிள் ஒரு சாப்பாடாடா?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் அவள் அழுதாள். பாகு கரிந்துபோயிற்று. அந்தப் பாத்திரத்தை அவள் தேய்க்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறாள்.

மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு ஆகஸ்டில் அவனை அனுப்பினார்கள். ஊரே சாலையில் நின்றது. பேருந்திலிருந்து இறங்கியவனைப் பார்த்ததும் ஸகார் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், ரயீசா அவர் காலை மிதித்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள். மத்தியான வெயிலில் நஸார் நின்ற இடத்தில், தரையில் ஒன்றும் இல்லை.

அவன் முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தான். மூன்றாம் நாள் வாத்துகளின் பின்னால் போய் மரவண்டியின் நிழலில் உட்கார்ந்தான். அங்கே ஒருவருக்கும் தனி நிழல் தெரியாது, அது அவனுக்கு வசதியாக இருந்தது. ரயீசா போர்ஷ் சூப் கிண்ணத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க எங்களை வெளிச்சத்துலயே விடலம்மா. எங்க விட்டுட்டேன்னே தெரியல," என்றான்.

"வரும். அமெரிக்காக்காரன் வண்டிக்கு நிழல் ரெண்டு வருசம் முன்னாடி வந்துச்சு. உனக்குக் கொஞ்சம் பின்னாடி வருது. ஆறுறதுக்குள்ள சாப்பிடு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு யோசிப் மர்த்தினோவிச் நாடாவோடு வந்தார். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, நஸார் என்று எழுதி, ஐந்து கட்டங்கள் கோடு போட்டு, அவனை வெயிலில் நேராக நிற்கச் சொன்னார். பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். இப்படிப் பத்தொன்பது நாள் போயிற்று. நஸார் முதலில் கூச்சப்பட்டான், பிறகு ஒன்பது மணிக்கு முன்பே வந்து நின்றான். இருபதாம் நாள் யோசிப் குனிந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார், நாடாவின் ஒரு முனையை நஸாரின் செருப்போரத்தில் வைத்து ஸகாரைப் பிடிக்கச் சொன்னார்.

"எவ்வளவு?" என்று ரயீசா சன்னலிலிருந்து கேட்டாள். பழக்கத்தில் இன்னும் சன்னலைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

"பதினொரு சென்டிமீட்டர்."

"அவன் பிறந்தப்பவும் குட்டியாத்தான் இருந்தான்," என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

யோசிப் தேதி எழுதினார், நீளம் எழுதினார், அகலம் எழுதினார், லேசான மேகம் என்று எழுதினார். அன்று அமெரிக்காவில் மறுபடி ஏதோ பெரிய அறிவிப்பு இருந்ததாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஐந்தாவது கட்டத்தில் அவர் ஒரு கோடு கிழித்துவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு, அடுத்த நிழலை அளக்க மேய்ச்சல் நிலத்துக்குப் போனார்.